வாசகர் கேள்வி–பதில்: மலையிலிருந்து கடலுக்கு ஒரு சிறு டார்ச்

கடற்கரைப் பயணத்துக்கான டார்ச் லைட் பற்றி நம் நீலகிரி மாவட்டத்திலிருந்து அடுத்தடுத்து ஐந்து கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி (குன்னூர் வாசகி): ஐயா, தை மாத விடுமுறையில் என் மாமியாரும் குழந்தைகளுமாக ஆறு பேர் தரங்கம்பாடிக்குச் சென்று மூன்று இரவுகள் தங்க இருக்கிறோம். எங்கள் வீட்டில் இருப்பது, பின்கட்டில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்ப்பதற்காக வாங்கிய பெரிய டார்ச். கடற்கரைக்கு, சட்டைப்பையில் அடங்குகிற, நனைந்தாலும் கெடாத சிறிய டார்ச் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால், எல்லாப் பெட்டிகளிலும் 'வாட்டர் புரூஃப்' என்று போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றில் ஐ.பி.எக்ஸ் 4, இன்னொன்றில் ஐ.பி. 67, வேறொன்றில் ஐ.பி.எக்ஸ் 8 என்று இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெட்டியின் முகப்பில் உள்ள 'வாட்டர் புரூஃப்' என்ற சொல்லுக்கு அளவு ஏதும் கிடையாது, அதை யார் வேண்டுமானாலும் எதன்மீதும் அச்சிட்டுக்கொள்ளலாம். அளவு இருப்பது நீங்கள் குறிப்பிட்டிருக்கும் எண்களுக்குத்தான். ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் முதல் எண் தூசியைத் தடுக்கும் திறனையும், இரண்டாவது எண் தண்ணீரைத் தடுக்கும் திறனையும் சொல்கின்றன. முதல் எண்ணின் இடத்தில் எக்ஸ் என்று இருந்தால், தூசிக்கான சோதனை பற்றி அந்த நிறுவனம் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். தூசி உள்ளே போகும் என்று பொருளல்ல. தண்ணீருக்கான எண்களில் 4 என்பது எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்குவது, 5-ம் 6-ம் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்குவது, 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் கெடாமல் இருப்பது. 8 என்பது அதைவிடக் கடுமையான சோதனை. ஆனால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தியாளரே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். ஆகவே 8 என்று போட்டுவிட்டு ஆழத்தைச் சொல்லாத பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மூழ்கும் சோதனையில் தேறியது பீய்ச்சும் சோதனையிலும் தேறியிருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் தனித்தனிச் சோதனைகள். அசையாத நீரில் கிடக்கும்போது ரப்பர் வளையத்தின்மீது எல்லாப் பக்கமும் ஒரே சீரான அழுத்தம் விழும். அலையோ ஒரே இடத்தில் ஓங்கி அடிக்கும். மேலும் இந்தச் சோதனைகள் புதிய பொருளை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்யப்படுபவை. உப்பும் மணலும் சேர்ந்த நீரில், இரண்டு வருடம் கழித்து, அதே டார்ச் அதே எண்ணுக்குரிய தகுதியோடு இருக்கும் என்று எவரும் உறுதி தரவில்லை. கரையில் நடந்துவிட்டு அறைக்குத் திரும்புகிற உங்கள் தேவைக்கு ஐ.பி. 67 போதுமானது, முதல் எண் 6 என்பதால் மணல்தூசும் உள்ளே போகாது. ஐ.பி.எக்ஸ் 4 நம் ஊர் ஐப்பசி மழைக்குக் குடைக்கடியில் பிடித்துச் செல்லப் போதுமே தவிர, குழந்தையின் கையிலிருந்து அலையில் விழுந்தால் பிழைக்காது.

இனி, சமவெளிக்காரருக்குத் தேவைப்படாத, மலையிலிருந்து இறங்கும் நமக்கு மட்டுமே உரிய ஒரு விஷயம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேர்வதற்குள் தலையணைபோல உப்பிவிடுவதை உங்கள் குழந்தைகள் பார்த்திருப்பார்கள்; பர்லியாரைத் தாண்டி இறங்கும்போது காது அடைப்பதும் அதே காரணத்தால்தான். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே குன்னூரில் பேட்டரி போட்டு இறுக மூடிய ஒரு டார்ச்சுக்குள் மலையின் மெல்லிய காற்று அடைபட்டிருக்கும். அதை அப்படியே தரங்கம்பாடிக்குக் கொண்டுபோனால், வெளியே உள்ள காற்று உள்ளே உள்ளதைவிட அதிக அழுத்தத்தோடு மூடியைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருக்கும். அந்த வேறுபாடு சுமார் 2 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். கீழே வெயிலில் உள்காற்று சூடாவதால் கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றரை மீட்டருக்குக் கீழே போகாது. அதாவது, 1 மீட்டருக்குச் சோதிக்கப்பட்ட உங்கள் டார்ச், உலர்ந்த மணலில் உங்கள் கையில் இருக்கும்போதே அந்த அளவைத் தாண்டிய நெருக்கடியில் இருக்கிறது. அப்போது அதன்மேல் ஓர் அலை புரண்டால், ரப்பர் வளையத்தில் எங்காவது நூலளவு இடைவெளி இருந்தாலும், தண்ணீர் தானாகக் கசிவதற்குப் பதிலாக உறிஞ்சப்படும்.

இதற்குப் பரிகாரம் காசில்லாதது. விடுதி அறைக்குப் போய்ச் சேர்ந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து டார்ச்சின் மூடியை ஒருமுறை கழற்றித் திரும்பவும் இறுக மூடிவிடுங்கள். உள்ளேயும் வெளியேயும் காற்று சமமாகிவிடும். மூடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால் அதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். பயந்து இடுக்கி போட்டுத் திருக வேண்டாம். இதை அறையில் செய்யுங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால், திருச்செந்தூர்க் கடற்கரையில் மணலில் உட்கார்ந்தபடியே பேட்டரி மாற்றிய அதிமேதாவி நான். ஒரே ஒரு மணல் ரப்பர் வளையத்துக்கும் மரைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அன்றிரவு கால் கழுவும்போது டார்ச்சையும் சேர்த்துக் கழுவினேன். மறுநாள் காலை உள்ளே அரை ஸ்பூன் தண்ணீர் நின்றது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, நம் ஊர்த் தேவையும் கடற்கரைத் தேவையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இங்கே தேயிலைச் செடிகளுக்கு அப்பால் 100 மீட்டர் தூரத்தில் இரண்டு கண்கள் மின்னுகின்றனவா என்று பார்க்கக் குவிந்த ஒளி வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது காலடியில் கிடக்கும் நங்கூரக் கயிறு, வலையின் முடிச்சு, உடைந்த சிப்பி, ஒதுங்கிய சொறிமீன் இவற்றைத்தான். அதற்குப் பரந்து விழும் ஒளியில் 50 முதல் 100 லூமன் (லூமன் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தாராளம். அறையில் மாமியார் இரவில் எழுந்து நடக்க 5 லூமன் போதும். அதற்கும் மேற்பட்டால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆகவே அதிகபட்ச வெளிச்சம் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட, மிகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு, சுவிட்சை முதல்முறை அழுத்தியதுமே அது வருமா என்று கேளுங்கள். நீல வெண்மையாகக் கூசுகிற ஒளியைவிடச் சற்றே மஞ்சள் கலந்த ஒளி, ஈரமணலில் கிடக்கும் சொறிமீனை மணலிலிருந்து பிரித்துக் காட்டும்.

பேட்டரியில் என் சிபாரிசு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற டபுள் ஏ ஒன்றோ இரண்டோ போடும் டார்ச். அந்த பேட்டரி தரங்கம்பாடிக்குப் பக்கத்துப் பொறையார் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இப்போது வருவனவற்றில் பெரும்பாலானவை டைப் சி வயரைச் செருகிச் சார்ஜ் செய்பவை. வீட்டில் அவை மிகவும் வசதி. ஆனால் அந்தத் துளையை மூடியிருக்கும் சிறு ரப்பர் மடல்தான் கடற்கரையில் முதலில் தோற்கும் இடம். அது சரியாகப் பொருந்தாமல் கால்வாசி திறந்திருப்பதை இருட்டில் யாரும் கவனிப்பதில்லை. உப்பு ஈரம் உள்ளே இருக்கும்போது சார்ஜரைச் செருகினால் உள்ளிருக்கும் பித்தளை முனைகளில் ஒரே இரவில் களிம்பு ஏறிவிடும். துளைக்குப் பதிலாகக் காந்தத்தால் ஒட்டிச் சார்ஜ் ஆகும் வகையும் உண்டு. நம் கடற்கரை மணலில் கருமணல் கலந்திருக்கும்; அந்தக் காந்தமோ அதை மீசைபோல வாரிக்கொள்ளும். துடைத்து மாளாது.

உடல் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்றால், உங்கள் தொகைக்குப் பிளாஸ்டிக்கே மேல். அலுமினியத்தின் மேற்பூச்சு கீறல்படும் இடத்தில் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். இரும்புக் கிளிப் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். ஆரஞ்சு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள். கறுப்பு டார்ச் மணலில் விழுந்தால் அதைத் தேட இன்னொரு டார்ச் வேண்டும். கைக்கயிறு கோக்கத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மிதக்குமா என்பதை வீட்டில் பேட்டரியோடு ஒரு வாளித் தண்ணீரில் போட்டே தெரிந்துகொள்ளலாம். வாளியில் மிதப்பது, நல்ல தண்ணீரைவிடச் சற்றே கனமான கடல்நீரில் நிச்சயம் மிதக்கும்.

வாங்கிய அன்றே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை வைத்து இறுக மூடி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள குளியல் வெந்நீரில் முழுக அமிழ்த்துங்கள். நம் ஊர்க் குளிரில் அடைபட்ட காற்று 40 டிகிரிச் சூட்டில் விரியும். அந்த அழுத்தம் ஏறக்குறைய 1 மீட்டர் ஆழத்துக்குச் சமமானது. மூடியின் விளிம்பிலிருந்தோ சுவிட்சின் ரப்பரிலிருந்தோ குமிழிகள் வரிசையாக வந்தால், கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெந்நீரிலிருந்து எடுத்த உடனே பச்சைத் தண்ணீரில் போடாதீர்கள். சுருங்கும் காற்று தண்ணீரை உள்ளே இழுக்கும்.

கேள்வி (மஞ்சூர் வாசகர், கல்லூரி மாணவர்): நண்பர்களோடு கன்னியாகுமரி போகிறோம். இணையத்தில் 20,000 லூமன், 9,900 எம்.ஏ.எச். (மின்சாரக் கொள்ளளவு) பேட்டரி, விரல் நீள டார்ச் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நல்ல எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் தரும். 20,000 லூமனுக்கு 200 வாட் வேண்டும். விரல் நீளப் பொருளில் அது சில நொடிகளில் கையைச் சுட்டுவிடும். 18650 என்ற வகை லித்தியம் பேட்டரிக்கு அந்தப் பெயர் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் வந்தது. அந்த அளவுக்குள் நம்பத்தகுந்த நிறுவனங்கள் தருவது பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். அளவில் நின்றுவிடும். அதில் 9,900 என்று அச்சிடத் துணிந்தவர், பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புச் சுற்றை மட்டும் நேர்மையாக வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இப்படிப்பட்ட லித்தியம் பேட்டரியைக் கடல்நீரில் நனைய விடுவதும், நனைந்ததைச் சார்ஜ் போடுவதும் விளையாட்டுக் காரியங்கள் அல்ல. பேட்டரியின்மீது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் எஃப்.எல். 1 என்ற குறியீட்டோடு சிறு படங்கள் இருந்தால் அந்த எண்களை ஒப்பிடலாம். அது 2009-ல் அமெரிக்காவில் வெளியான டார்ச் அளவீட்டுத் தரநிலை. அதிலும் இரண்டை நினைவில் வையுங்கள். அதில் சொல்லும் தூரம், வெளிச்சம் முழுநிலவின் ஒளியளவுக்கு மங்கிப்போகிற தூரம். 100 மீட்டர் என்றிருந்தால், அடையாளம் கண்டு நடக்கத்தக்க வெளிச்சம் அதில் பாதியில் முடிந்துவிடும். அதில் சொல்லும் நேரம், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். அதுவரை முதல் நிமிடத்து வெளிச்சமே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி (கூடலூர் வாசகர்): என்னிடம் அப்பா வைத்திருந்த இரண்டு கட்டை எவர்சில்வர் டார்ச் இருக்கிறது. பல்பை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றியிருக்கிறேன். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறோம். அதையே ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி எடுத்துப்போனால் போதாதா? புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கூடலூரின் ஆனி, ஆடி மழையை அத்தனை வருடம் பார்த்த டார்ச், கடற்கரையில் இரண்டு மாலைப் பொழுதுகளைப் பார்க்காதா என்ன! நீங்கள் தண்ணீரில் இறங்கப் போவதில்லை என்றால், தெறிக்கும் நீரையும் உப்புக்காற்றையும் மட்டும் தடுத்தால் போதும்.

ஆனால் பாலித்தீன் பை அதற்குச் சரியான வழியல்ல. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நம் மாவட்டத்தில் தடை என்பது ஒருபுறம் இருக்க, பையின் வழியாகச் சுவிட்சைத் தள்ளித் தள்ளி இரண்டாம் முறையே அது கிழிந்துவிடும். கிழிந்த பை உப்பு ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு, பை இல்லாததைவிட அதிகக் கெடுதல் செய்யும். கைப்பேசியை வைப்பதற்கென்று கிளிப் போட்டு மூடும் கெட்டியான உறை கிடைக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், பல வருடம் உழைக்கும். டார்ச் பெரியதாக இருந்து அதில் நுழையாவிட்டால், உறையை விட்டுவிட்டுப் பராமரிப்பில் கவனம் வையுங்கள்.

பழைய டார்ச்சில் தண்ணீர் புகும் வழிகள் மூன்று: கண்ணாடியின் விளிம்பு, தள்ளு சுவிட்ச், அடிமூடியின் மரை. சுவிட்சைச் சரிசெய்வது கடினம்; அதை ஏற்றுக்கொண்டு, டார்ச்சைப் பிடிக்கும்போது சுவிட்ச் உள்ளங்கைப் பக்கம் இருக்குமாறு பிடியுங்கள். கண்ணாடிக்கும் அடிமூடிக்கும் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிட்டு, குழாய்ச் சாமான் கடையில் கிடைக்கும் சிலிகான் கிரீஸை மெழுகுபோல மெல்லியதாகத் தடவுங்கள். நம் வீடுகளில் எதற்கும் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய்தான். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் இங்கே பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது, நாகூர் வெயிலிலோ தண்ணீராக ஓடி மணலையெல்லாம் ஒட்டவைத்துக்கொள்ளும். வாசலினும் வேண்டாம், சில ரப்பர்களை அது ஊறவைத்து உப்பச் செய்யும், உங்கள் வாஷர் எந்த ரப்பர் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும், உப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அல்ல, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். இதை எழுதவும் வேண்டுமா என்று தோன்றலாம். கடற்கரையிலேயே, கடல்நீரில் நனைந்த துண்டால் துடைத்துவிட்டு 'சுத்தம் செய்தாயிற்று' என்று பெட்டியில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்தான் துருப்பிடிக்கும். கட்டைகளை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி (உதகை வாசகி): இரவில் கடற்கரையில் டார்ச் அடித்தால் ஆமைகளுக்குக் கெடுதல் என்று என் மகளின் பள்ளியில் சொன்னார்களாம். மாசி மாதம் கடலூர்ப் பக்கம் போகிறோம். சிவப்பு விளக்கு உள்ள டார்ச் வாங்க வேண்டுமா?

பதில்: பள்ளியில் சொன்னது சரி. பங்குனி ஆமை என்று நாம் சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் தமிழகக் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் சனவரியிலிருந்து மார்ச் வரை. நீங்கள் போகும் மாசி அதன் நடுவில் வருகிறது. முட்டைகள் பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, எந்தத் திசை வெளிச்சமாகத் தெரிகிறதோ அதை நோக்கி ஓடும். விளக்குகள் இல்லாத காலத்தில் அது கடலாகவே இருந்தது. இப்போது தெருவிளக்காகவோ உங்கள் கையிலிருக்கும் டார்ச்சாகவோ இருந்தால், தண்ணீருக்குப் போகாமல் ஊருக்குள் வந்து நாய்க்கும் காகத்துக்கும் இரையாகும். கரையேறும் தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடக்கூடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானைக்கும் புலிக்கும் உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. நம் சாலையில் யானை நின்றால் முகப்பு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறோமே, அந்த மரியாதைதான் இங்கும்.

சிவப்பு ஒளி ஆமைகளின் கண்ணுக்கு அதிகம் உறைப்பதில்லை என்பதால் அது மேலானது. அதற்காகத் தனி டார்ச் வாங்க வேண்டியதில்லை. குறைந்த வெளிச்சம் உள்ள எந்த டார்ச்சின் கண்ணாடியிலும் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போட்டுவிடலாம். மகளையே செய்யச் சொல்லுங்கள். சிவப்பு ஒளிக்கு உங்களுக்கும் ஒரு பயன் உண்டு: நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை ஒளி வீச்சு அத்தனையையும் ஒரு நொடியில் கெடுத்துவிடும், மங்கிய சிவப்பு அவ்வளவு கெடுப்பதில்லை. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் அந்த ஒளி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால், டார்ச்சை அணைத்துவிட்டு நிற்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

விட்டுவிட்டு மின்னும் வசதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். கடலில் இருப்பவர்கள் அதை ஆபத்துக்கான அழைப்பு என்று எண்ணக்கூடும். படகு தள்ளிக்கொண்டிருக்கும் மீனவர்களின் முகத்தில் ஒளி அடிப்பதும் தவறு; அவர்கள் இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு தொழில் பார்ப்பவர்கள்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): ஐ.பி.எக்ஸ் 8 போட்ட நல்ல அலுமினிய டார்ச் ஒன்றைப் போன மாதம் ராமேசுவரத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். அங்கே நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்த மறுநாள் காலை பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்ததுபோல மங்கியிருக்கிறது. தண்ணீர் புகுந்துவிட்டதா? எண்ணை நம்பி ஏமாந்தேனா?

பதில்: ஏமாறவில்லை என்றே நினைக்கிறேன். ராமேசுவரத்தில் பேட்டரி மாற்றினீர்களா, அல்லது சார்ஜ் போட மூடியைத் திறந்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். திறந்திருந்தால், மூடும்போது அந்த ஊரின் காற்றையும் உள்ளே வைத்து மூடியிருப்பீர்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் அதே காற்றால் 10 கிராம்கூடத் தாங்க முடியாது. கடலோரப் புழுக்கத்தில் அடைபட்ட காற்று கோத்தகிரியின் விடியற்காலைக் குளிருக்கு வந்ததும், மிச்சத்தை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். டார்ச்சில் முதலில் குளிர்வது கண்ணாடி, ஆகவே அங்கே இறக்கிவைக்கிறது. நம் வீட்டு சன்னல் கண்ணாடியில் மார்கழியில் உட்பக்கம் நீர் கோத்து நிற்பதும் இதுவே. அந்தச் சிறிய டார்ச்சுக்குள் இருக்கும் ஈரம் மொத்தமும் ஒரு சொட்டுத் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணாடியில் பரவும்போது மட்டும் அது பெரிதாகத் தெரிகிறது.

மங்கல் மெல்லிய புகைபோலச் சீராக இருந்து, டார்ச்சைப் பத்து நிமிடம் எரியவிட்டதும் மறைந்தால் அது காற்றின் ஈரம். துளித்துளியாக உருண்டால், அல்லது மரையிலும் ஸ்பிரிங்கிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அது கடல்நீர். கடல்நீர் என்றால் தயங்காமல் பேட்டரியை எடுத்துவிட்டு, உட்குழாயை நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு உலர்ந்த பஞ்சால் துடைத்து, இரண்டு நாள் திறந்தபடியே காயவிட வேண்டும். ஈரம் நின்ற லித்தியம் பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

ஈரக்காற்று மட்டும்தான் என்றால், நல்ல வெயில் அடிக்கும் ஒரு நண்பகலில் மூடியைக் கழற்றி ஒரு மணி நேரம் சன்னலோரம் வைத்து, அந்த உலர்ந்த காற்றோடு மூடுங்கள். மேகம் இறங்கியிருக்கும் நாளில் செய்தால் பயன் இல்லை. அடுப்புக்கு மேலேயோ, தலைமுடி உலர்த்தும் கருவியாலோ சூடேற்ற வேண்டாம். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம் தளர்ந்துவிடும்.

ராமேசுவரத்தில் திறந்து மூடியபின் நீங்கள் இன்னும் அதைத் திறக்கவில்லை என்றால், வளையத்தைச் சோதிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. கடல்மட்டத்தில் மூடிய டார்ச்சுக்குள் இப்போது நம் ஊர்க் காற்றைவிட அழுத்தம் அதிகமான காற்று இருக்க வேண்டும். சத்தமில்லாத அறையில், மூடியைக் காதருகே வைத்து மெல்லத் திருகுங்கள். 'புஸ்' என்று ஒரு சிறு மூச்சு வெளிவந்தால், ராமேசுவரத்திலிருந்து கோத்தகிரிவரை அந்த ரப்பர் வளையம் காற்றைக்கூட விடவில்லை என்று பொருள். சத்தமே இல்லாமல் மூடி கழன்று வந்தால், வளையத்தை எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். வெட்டோ, தட்டையான இடமோ, ஒட்டிய மணலோ இருக்கக்கூடும்.